வாழைக்குலை வராத அறுவடைத் திருநாள்

1

வெள்ளிக்கிழமை மத்தியானம் மலைப்பாதையை மூடிவிட்டார்கள். மத்தியானம் என்று எழுதுகிறேனே தவிர, வெளியே இருட்டு. நோர்வேயின் வட நுனியில், ஒரு பக்கம் மலையும் மற்றப் பக்கமெல்லாம் கடலுமாகக் கிடக்கிற இந்த மீன்பிடி ஊருக்கு வந்து போக ஒரே ஒரு ரோட்டுத்தான். காற்று எழும்பினால் முதலில் அதை மூடுவார்கள். பிறகு சின்ன விமானத்தை நிறுத்துவார்கள். அதற்குப் பிறகு உள்ளே இருக்கிறவர் உள்ளேதான்.

கார்த்திகைக் கடைசியில் மறைந்த சூரியன் தை மாதத்தில் திரும்பி வரும். இந்த வருசமும் வந்துவிட்டதாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இனிப்புப் பணிஸ் சுட்டுக் கொடுத்துக் கொண்டாடியும் விட்டார்கள். ஆனால் பனிப்புயல் விடாமல் அடிக்கிறபடியால் ஒருவரும் அதைக் கண்ணால் காணவில்லை. நாட்காட்டியில் மட்டும் சூரியன் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து பீற்றர் அண்ணனின் போன் வந்தது. எங்கள் தமிழ்ச் சபையை நடத்துகிறவர் அவர்தான். இங்கே தமிழ்ப் போதகர் இல்லை. கிழமை நாட்களில் மீன் தொழிற்சாலையில் பெட்டி தூக்கும் வாகனம் ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமையில் எங்களுக்கு வேதம் வாசிப்பார்.

"தங்கச்சி, பெட்டி வரல்ல."

"எந்தப் பெட்டி அண்ணன்?" தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"வாழைக்குலைப் பெட்டிதான். தெற்கில எயார்போட்டிலயே நிக்குதாம். ப்ளேன் ஓடினாத்தானே? ஞாயித்துக்கிழமைக்கு முதல் வராது."

ஞாயிற்றுக்கிழமைதான் அறுவடைத் திருநாள். அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு நான்.

இயல்பிலேயே நான் பயந்தவள். அடுப்பை நிப்பாட்டினேனா என்று பஸ் தரிப்பிடத்தில் இருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடி வருவேன். காற்றுக் கூடினால் வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து வைப்பேன். இவர், என் வீட்டுக்காரர், அதற்கு என் ஊர்ப் பெயரைச் சேர்த்துக் 'கல்லடிப் பயம்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

படிப்பும் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஊர் விட்டு ஊர் ஓடித் திரிந்த காலத்தில் பள்ளிக்கூடம் எங்கே இருந்தது? பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லடியில் இருக்கிற என் தங்கச்சி மெர்சி, சபை மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரச் சொன்னாள். வழக்கம்போல வாவியையும் பாலத்தையும் எழுதத்தான் இருந்தேன். வாழைக்குலை வராதபடியால் இதை எழுதுகிறேன்.

2

தை மாசியில் முன்மாரி நெல் வேளாண்மை வெட்டுகிற காலத்தில் நம்முடைய சபையில் அறுவடைத் திருநாள் எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பீடத்துக்கு முன்னால் நெற்கதிர், பூசணி, இளநீர், முட்டை, கட்டிப் போட்ட சேவல். ஆராதனை முடிய எல்லாவற்றையும் ஏலம் கூறுவார்கள். ஒரு முட்டைக்கு இரண்டு வீட்டார் போட்டி போட்டு விலை ஏற்ற, சேவல் நடுவில் கூவ, ஒரே சிரிப்பு. அங்கே ஒரு கண்டிப்பும் இருந்தது. கடையில் வாங்கியது மேசைக்குப் போகக் கூடாது. தன் கைப்பட்டதுதான் ஆண்டவருக்கு வைக்கிற முதற்பலன்.

இங்கே நாங்கள் ஒரு கைப்பிடிக் குடும்பங்கள். எல்லாருமே மீனோடு மாரடிக்கிறவர்கள், அல்லது ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்கிறவர்கள். மண்ணில் ஒன்றும் முளைக்காத ஊர் இது. மரமே இல்லை. ஆகவே தொடங்கின வருசத்தில் நான்தான் யோசனை சொன்னேன், ஊரில் இருந்து வருகிற மரக்கறியை எடுப்போம் என்று. தலைநகரத்துத் தமிழ்க் கடைக்காரர் கொழும்பில் இருந்து இறக்கிய வாழைக்குலை, பாகற்காய், முருங்கைக்காய், தேங்காய் எல்லாம் பெட்டியில் அடைத்து விமானத்தில் அனுப்புவார். நாங்கள் மேசை நிரப்பி வைத்து, பாட்டுப் பாடி, படம் பிடித்து உங்களுக்கு அனுப்புவோம். நீங்களும் "அச்சாவா இருக்கு, ஊர் மாதிரியே இருக்கு" என்று எழுதுவீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை பாடும்.

யாரோ நட்டு, யாரோ வெட்டி, நாங்கள் கடனட்டை இழுத்து வாங்கியதை எங்கள் முதற்பலன் என்று ஆண்டவருக்கு முன்னால் வைத்தோம். இத்தனை வருசமும் அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

3

பெட்டியை விடப் பெரிய கவலை ஒன்று அப்போது வீட்டுக்குள் இருந்தது. என் மகள் எஸ்தர் எங்களோடு ஜெபத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தாள்.

எஸ்தர் எங்களுக்கு ஒரே பிள்ளை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து இங்கே முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை பார்க்கிறாள். தமிழ் என்னிடம் கேட்டுப் பழகினபடியால் அசல் மட்டக்களப்புத் தமிழ்தான் கதைப்பாள்.

இராச் சாப்பாட்டுக்கு முதல் மூன்று பேரும் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணுவது எங்கள் வழக்கம். ஜெபம் சொல்வது நான். இரண்டு கிழமைக்கு முதல், ஆமென் சொன்ன பிறகும் அவள் எழும்பாமல் இருந்தாள்.

"அம்மா, ஒண்டு கேக்கணும். கோவிக்கக் கூடா."

"கேளு மனே."

"நீங்க ஒவ்வொரு நாளும் நன்றி சொல்றதெல்லாம் ஊருக்குத்தான். வாவிக்குச் சொல்றீங்க, பாலத்துக்குச் சொல்றீங்க. பெரியப்பாட செத்துப்போன ஆட்டுக்குக் கூடச் சொல்லியாச்சு. இந்த இடத்துக் கதை வரக்குள்ள மட்டும், 'ஆண்டவரே, எங்கள இதுக்குள்ள இருந்து வெளிய எடும்' எண்டு முடிச்சிடுறீங்க."

"குளிரும் இருட்டும் எனக்கு ஏலாது புள்ள. அதுதான்."

"நான் இங்கதானே பிறந்தனான். இந்தக் குளிருக்குள்ளயும் இருட்டுக்குள்ளயும்தானே. உங்கட ஜெபத்தில நான் எந்தப் பக்கம்?"

"இதென்ன கதை? உனக்காண்டி நான் ஜெபம் பண்ணாத நாள் இருக்கா?"

"பண்ணுறீங்க. ஆஸ்பத்திரியில படுத்த ஆளுக்குப் பண்ணுற மாதிரி."

இவர் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டார்.

"இஞ்ச இருக்கிற ஒண்டுக்கு, ஒண்டே ஒண்டுக்கு, பொய் சொல்லாம நன்றி சொல்லுங்க" என்றாள். "அண்டைக்கு நான் வந்து முழங்காலில நிக்கிறன்."

அன்றிலிருந்து அவள் முழங்காலுக்குப் போடுகிற குட்டித் தலையணை சும்மா கிடந்தது. இன்றைக்கு ஜெபத்தை விட்டவள் நாளைக்கு ஆண்டவரையே விட்டுவிடுவாளோ? இங்கே எத்தனை பிள்ளைகள் அப்படிப் போயிருக்கிறார்கள்.

அவள் கேட்டது பெரிய காரியமும் இல்லையே. சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் சத்தமாகத் தொடங்கினேன்: "ஆண்டவரே, இந்தக் கொடுங்குளிரிலும் எங்களை உயிரோடு வைத்திருக்கிறீரே, உமக்கு நன்றி..."

அறைக்குள் இருந்து குரல் வந்தது. "அது முறைப்பாடும்மா!"

அதற்கு அடுத்த நாள், "ஊரைப் போல இங்கே கரண்ட் நிற்காமல் இருப்பதற்காக நன்றி" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, புயலில் எங்கோ கம்பி அறுந்து ஊர் முழுக்க இருண்டுபோனது. இவர் சிரித்த சிரிப்பில் ஜெபம் அதோடு சரி.

நன்றி சொல்வதில் இந்த நாட்டாரை வெல்ல ஆளில்லை. போன கிழமை கண்டதற்கு இந்தக் கிழமை நன்றி சொல்வார்கள். சாப்பிட்டு எழும்பினால் "தக் ஃபொர் மாத்தன்" என்பார்கள், அதாவது சாப்பாட்டுக்கு நன்றி. எஸ்தர் சின்னவளாக இருந்தபோது பாலர் வகுப்பில் பழகி வந்து, சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு என்னிடம் அதைச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. "அம்மாவுக்கு ஆரும் நன்றி சொல்லுவாங்களாடி? நான் என்ன சாப்பாட்டுக் கடையா வச்சிருக்கன்?" என்றேன். பிறகு அவள் சொன்னதில்லை. நம்முடைய ஆட்களுக்குள் நன்றி என்றால் அந்நியம். அது எனக்கு இப்போதும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் சொல்லிப் பழகாத வாய்க்கு, ஆண்டவரிடமும் கேட்கத்தான் தெரிகிறது.

4

பெட்டி வராத வெள்ளிக்கிழமை, கவலை தாங்காமல் மெர்சிக்குப் போன் எடுத்தேன். ஊர்க் கதை கேட்டால் மனம் ஆறும்.

"மெர்சி, வாவிப் பக்கம் போனியாகா? இந்த நேரம் காத்து நல்லா இருக்குமே."

"காத்தா? வெக்கையில அவிஞ்சு சாகுறன்கா. பாலத்தடியில ஒரே ஹோன் சத்தம். இவன் மூத்தவன் வேற கட்டாருக்கு வேலைக்குப் போறன் எண்டு ஒத்தக் காலில நிக்கிறான். நீ என்னடா எண்டா காத்து, வாவி எண்டுறாய்."

"நான் அங்க இருந்தா..."

"நீ நன்றி சொல்ற கல்லடி எங்ககா இருக்கு? ஒருக்கா என்னையும் அங்க கூட்டிட்டுப் போகா." சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "கடல் வந்த பிறகு நம்மட வளவில கிணறு மட்டும்தான் நிண்டது. நீ அதைக் காணல்ல. அந்தக் கிணத்துக்குள்ள என்ன கிடந்தது எண்டும் உனக்குத் தெரியா."

ஓம், நான் காணவில்லை. நான் நோர்வேக்கு வெளிக்கிட்ட பிறகுதான் சுனாமியாகக் கடல் வந்தது. என் கல்லடியில் வீடு அப்படியே நிற்கிறது, வேலி அப்படியே நிற்கிறது, ஒருவரும் சாகவில்லை. அந்தக் கல்லடிக்குப் போக விமானம் ஓடாது, எந்தப் புயல் ஓய்ந்தாலும்.

கதையை மாற்றுவதற்காகப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். வாழைக்குலை இல்லாமல் என்ன அறுவடை, அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லுவார் என்று அழாக்குறையாகக் கேட்டேன்.

"அப்பாவா?" என்றாள் மெர்சி. "அப்பா எந்தக் காலத்தில வாழைக்குலை வச்சார்? நம்மட ஆக்களுக்கு வயல் வட்டையும் இல்ல, தோட்டமும் இல்ல. றால்தானேகா வச்சார். மறந்திட்டியா? பறிக்குள்ள இருந்து பாஞ்சு போதகர்ட அங்கிக்குள்ள போனது?"

போனை வைத்த பிறகுதான் அது கண்ணுக்கு முன்னால் வந்தது.

அப்பா விடிய முதல் வாவியில் வலை வீசி, முதல் விழுந்த றாலைப் பறியில், மீன் போடுகிற கூடையில், அப்படியே உயிரோடு கொண்டு வருவார். சேறும் தண்ணீரும் பீடத்துப் படியில் சொட்டும். கவிச்சி மணத்தில் முன்வாங்கு ஆட்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அப்பா கவனிக்க மாட்டார். "எனக்கு இதுதானே தந்தார், இதத்தானே வைக்கலாம்" என்பார். என் நினைவில் மேசையை யாரோ கழுவித் துடைத்து, றாலை எடுத்துவிட்டு, வாழைக்குலையை வைத்திருக்கிறார்கள். நான்தான் வைத்திருக்கிறேன்.

ஓய்வுநாள் பள்ளியில் படித்த கதையொன்று ஞாபகம் வந்தது. வனாந்தரத்தில் இஸ்ரவேல் சனம், எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் நினைத்து அழுத கதை. அங்கே அடிமையாய் அடிபட்டது மறந்துபோச்சு, வெள்ளரிக்காய் மட்டும் ஞாபகம். காலையில் கூடாரத்து வாசலில் கிடந்த மன்னாவை, ஆண்டவர் வானத்தில் இருந்து தந்த அப்பத்தை, பார்த்து முகம் சுளித்தார்கள். சின்ன வயதில் அவர்களைப் பார்த்து, என்ன விசர்ச் சனம் என்று சிரித்திருக்கிறேன்.

பீற்றர் அண்ணனுக்குப் போன் எடுத்தேன். "அண்ணன், எல்லாரையும் கைப்பட்டதைக் கொண்டு வரச் சொல்லுங்க. கடைச் சாமான் வேணாம்."

"என்னத்தக் கொண்டு வாறது தங்கச்சி? பனிக்கட்டியா?"

"எனக்கும் தெரியா. சொல்லுங்க."

5

என் கைப்பட்டது என்ன? இத்தனை வருசமாக நான் தொட்டது தோர்ஸ்க் என்கிற இந்தக் குளிர்கடல் மீனைத்தான். வெள்ளைச் சதையை விரலால் தடவி, ஒளிந்திருக்கிற முள்ளைப் பிடுங்குவது தொழிற்சாலையில் என் வேலை. வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழம் போட்டுக் கை கழுவுவேன். அந்த மீனை நான் சமைப்பதே இல்லை. ருசியில்லாத குளிர் மீன் என்று சொல்லிவிட்டு, தமிழ்க் கடையில் உறைந்த பாரையும் சூரையும் வாங்குவேன்.

துண்டு போட்ட மீன் கொம்பனிக்குச் சொந்தம். தலைகள் அப்படியல்ல. அவற்றில் நாக்கை வெட்டி எடுப்பது இந்த ஊர்ப் பிள்ளைகளின் உரிமை மாதிரி. பள்ளிக்கூடம் விட்டு வந்து வெட்டி, வீடு வீடாக விற்றுக் கைச்செலவுக்கு வைத்துக்கொள்வார்கள். எஸ்தரும் வெட்டினவள்தான். அவள் இரத்தமும் செதிலுமாக வந்து நிற்கும்போது, ஊரில் அறிந்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு உடம்பு கூசும்.

சனிக்கிழமை மேற்பார்வையாளரிடம் கேட்டு ஒரு தொட்டி தலை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டிலில் வெளிச்சத்தைப் போட்டு இருந்தேன். காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. தலை கையில் வழுக்கியது. வாய்க்குள் விரலை விட்டு நாக்கைப் பிடித்து இழுத்தால் வரவில்லை. இரண்டு நாக்குக் கிழிந்து போனது, என் விரலும் கொஞ்சம்.

வேலை முடிந்து வந்த எஸ்தர் கதவில் நின்றாள்.

"அம்மா, என்ன செய்றீங்க?"

"தெரியல்லயா? நாக்கு வெட்டுறன்."

"அது நாக்கு வெட்டுறதில்ல. கொலை." பையைக் கீழே போட்டாள். "தள்ளுங்க. தலைய முதல்ல ஆணியில குத்தணும்."

மூலையில் ஒரு பலகை கிடந்தது. நிமிர்ந்த ஆணி அடித்தது. அவளுடைய பழைய பலகை. இத்தனை வருசம் அது அங்கே கிடந்ததை நான் கவனிக்கவில்லை. தலையை ஆணியில் குத்தினாள், வாய் தானாகப் பிளந்தது, கத்தி ஒரு சுற்றுச் சுற்றியது, நாக்கு அவள் கையில் இருந்தது. அடுத்தது. அடுத்தது. அப்பா வலையில் இருந்து றால் எடுக்கிற கை வேகம்தான் அது. என் அப்பாவை அவள் கண்டதேயில்லை.

"எதுக்கம்மா இது?"

"மேசையில வைக்க."

கத்தி நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு, "இந்தாங்க, நீங்க குத்துங்க, நான் வெட்டுறன்" என்றாள்.

6

ஞாயிறு காலை, இங்கத்தைய தேவாலயத்துச் சின்ன மண்டபத்தில் கூடினோம். ரோட்டு அப்போதும் மூடித்தான் இருந்தது. மேசையைப் பார்த்து நாங்களே முழித்தோம். கம்பளிக் காலுறை, பீற்றர் அண்ணன் சுட்ட கோணல் பாண், சதுப்பில் பொறுக்கி வந்து உறைய வைத்த மஞ்சள் பழம், ஒரு வாளி நண்டு. எல்லார் வீட்டிலும் எப்போதும் இருந்தவைதான். மேசைக்கு வந்தது முதல் தரம். படம் பிடிக்க ஒருவருக்கும் கை வரவில்லை, ஊர் மாதிரி இல்லையே!

ஒவ்வொருவராக வைத்து ஒரு சொல் ஜெபம் பண்ண வேண்டும். என் முறை வந்தது, நாக்குக் கோப்பையை வைத்தேன். எஸ்தர் இராவேலை முடிந்து, தாதிச் சட்டையோடு பின்சுவரில் சாய்ந்து நின்றாள். நான் பாடமாக்கி வந்தது முழுக்க மறந்துபோனது.

"ஆண்டவரே, இந்த ஊரில எனக்கு ஒரு பிள்ள பிறந்தாள். இந்த மீன்தான் அவளுக்குச் சோறு போட்டது. நன்றி."

வாய் பழக்கத்தில், 'எங்களை வெளியே எடும்' என்று அடுத்தது வரப் பார்த்தது. விழுங்கினேன். முள் இறங்குகிற மாதிரித்தான் இறங்கியது.

ஏலம் கூற பீற்றர் அண்ணன் கோப்பையைத் தூக்கினார். "இந்தாங்க, கல்லடி ராசாத்தி வெட்டின நாக்கு! ஒரு சொல்லும் திருப்பிக் கதைக்காத நாக்கு! கலியாணம் முடிச்ச ஆம்பிளையள் யோசிச்சுக் கேளுங்க!"

பின்னால் இருந்து எஸ்தர் விலை கேட்டாள். உடனே இவர் கூட்டிக் கேட்டார். அவள் கூட்டினாள். இவர் விடவில்லை.

"ஒரே வீட்டுக்குள்ள ஏலம் கேக்குற குடும்பத்த இப்பதான் காணுறன்" என்றார் பீற்றர் அண்ணன். "ஒருதரம், ரெண்டுதரம்... அப்பனே, நீ வாயை மூடு. மூண்டுதரம்! மகளுக்கு!"

வீட்டுக்கு வந்து எஸ்தர் மாவில் பிரட்டி வெண்ணெயில் பொரித்தாள். இவர் களவாக மிளகாய்த்தூள் தூவினார். நான் முதல் தரம் தின்றேன். வெளியே மொறுமொறு, உள்ளே இளகல். றாலின் ருசி அதில் இல்லை. ஒரு வாய்க்கு மட்டும் என் நாக்கு அதைத் தேடவில்லை. கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பும்போது சொன்னேன்: "தக் ஃபொர் மாத்தன்."

எஸ்தர் தன் அப்பாவைப் பார்த்தாள். "அம்மாவுக்குக் காய்ச்சலா?"

அன்று இரா ஜெபத்துக்கு அவள் வந்து தன் தலையணையில் முழங்காலிட்டாள். ஆமென் சொன்னதும் என் தோளில் தட்டினாள். "நல்லது. நாளைக்கு வேற ஒண்டு சொல்லணும். இதையே திருப்பிச் சொல்லக் கூடா."

ஊர் ஆசை போய்விட்டது என்று எழுதினால் பொய். சூரியன் இன்னும் தெரியவில்லை. பெட்டி செவ்வாய்க்கிழமை வந்தது, வாழைக்காய் கறுத்துப் போய். ரோட்டைத் திறந்து, அன்றைக்கே திரும்ப மூடிவிட்டார்கள். சன்னலடியில் இருந்துகொண்டு, அடைபட்டுப் போனோமே என்று நான் பயப்படுவதும் நிற்கவில்லை. இப்போது அதற்கு மேலால் இன்னொரு பயம் சேர்ந்திருக்கிறது. இரா ஜெபத்துக்கு முதல் ஒன்று கண்டுபிடிக்க வேண்டும். பொய்யில்லாத ஒன்று. இதை எழுதுகிற நேரம் வரைக்கும் இன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை. கீழே ரோட்டில் பனி வழிக்கிற வாகனம் மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு மலைப் பக்கம் ஏறுகிறது. அதற்குள் இருக்கிற ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. கேட்டு வைக்க வேண்டும், பேர் சொல்லி ஜெபம் பண்ணுவதுதானே என் பழக்கம்.